மாமாவின் கையில் வளர்ந்த ஆவரசு

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் முன்பெல்லாம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் பேச்சு. இப்போது சீனி. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு, எந்தக் குளிசை, ஒன்றா இரண்டா. போன மாதம் நம்மில் ஒருத்தி ஒரு மஞ்சள் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஆவாரம்பூத் தேநீராம். சீனியை அப்படியே இறக்கிவிடுமாம். அவள் முழுவதும் சொல்லி முடிக்குமுன் நான் எழுந்து போய்விட்டேன். கதவையும் கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினேன். நீங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்களாம், பிறகு கேள்விப்பட்டேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். காரணத்தை மட்டும் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள், எனக்கு விசரா இல்லையா என்று.

பெட்டியில் ஆவாரம்பூ என்று எழுதியிருந்தது. நாங்கள் ஆவரசு என்போம். எங்கள் வீடு கீரிமலைப் பக்கம். அந்த மண்ணை மண் என்று சொல்வதே பெரிய வார்த்தை. மண்வெட்டியைப் போட்டால் கல்லில் பட்டு "டங்" என்று கை உதறும். ஒரு பக்கம் உப்புக் காற்று, மற்றப் பக்கம் வெயில். அந்தக் கல் வெடிப்புகளுக்குள்தான் ஆவரசு நிற்கும், ஒருவரும் விதைக்காமல், ஒருவரும் தண்ணீர் காட்டாமல். மாரி முடிந்து ஆறு மாதம் வானம் ஒரு சொட்டுப் போடாவிட்டாலும் கேணிக்குப் போகிற வழி நெடுக மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். தீர்த்தமாட வருகிறவர்கள் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

அம்மா பார்ப்பாள். அம்மாவுக்குச் சலரோகம். சீனி வருத்தம் என்றும் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக் குளிசையும் போடுவாள். ஆனால் அவளுடைய நம்பிக்கையெல்லாம் எங்கள் ஊர் நாட்டு வைத்தியர், பரியாரியார் என்போம், அவர் சொன்ன பூத்தண்ணியில்தான். காலையில் நான் போய் மடி நிறையப் பூப் பறித்து வருவேன். பச்சையாகப் பாதி, சுளகில் காயவைத்துப் பாதி. அவித்து வடித்தால் தேயிலைச் சாயத்தைவிட வெளிறிய ஒரு நிறம். ஒரு தடவை குடித்துப் பார்த்தேன், நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அப்பாடா, இண்டைக்கு இனிப் பயமில்லை" என்பாள். தினமும் இதே வசனம்.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கி எங்கள் பக்கம் ஷெல் விழ, ஒரு பகல் பொழுதில் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். அப்பா கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை. பாதை பூட்டு. அம்மாவும் பத்து வயது நானும் ஒரு சைக்கிளும். சைக்கிளில் காணி உறுதிக் கட்டு, இரண்டு சீலை, காய்ந்த ஆவரசம்பூ அடைத்த பால்மாத் தகர ரின். என் கொம்பாஸ் பெட்டிக்குள் சும்மா விளையாட்டுக்குச் சேர்த்து வைத்த ஆவரசங் கொட்டை கொஞ்சம் கிடந்தது. கவராயத்தைக்கூட விட்டுவிட்டு வந்தேன். கொட்டை வந்துவிட்டது.

போய்ச் சேர்ந்த இடம் மாமா வீடு. அம்மாவின் ஒரே அண்ணன். மருதனார்மடம் சந்தையிலிருந்து கிழக்கே உள்ளே போக வேண்டும். செம்மண். மாமா புகையிலைக்காரர். அவருடைய இரண்டு மகன்மாரும் வெளிநாட்டில். அவரும் மாமியும் ஒரு ஆடும் சில கோழிகளும்தான் வீட்டில். மாமாவின் தோட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்குக்கூடச் சும்மா கிடக்கிற நிலம் கிடையாது. ஒரு பக்கம் புகையிலை, ஒரு பக்கம் வெங்காயம், வரம்பில் மிளகாய், வாய்க்கால் கரையில் கீரை. தானாக முளைத்த எதுவும் அங்கே ஒரு கிழமை உயிரோடு இருந்ததில்லை. ஆவரசு எங்கே நிற்கப் போகிறது?

அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனிதரோடு அவருக்குப் பேச்சு வராது. செடியோடு பேசுவார். "என்னடா, ஏன் சோந்து போனாய்?" என்று மிளகாய்க் கன்றைக் கேட்பார். மண்ணெண்ணெய் இல்லாததால் தண்ணீர் இறைக்கிற இயந்திரம் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அந்த வயதில் மறுபடி துலா ஏற்றம் கட்டி, பட்டை வாளியால் இறைத்து, ஒவ்வொரு புகையிலைக் கன்றுக்கும் காலடியில் தண்ணீர் ஊற்றினார். வலக்கைப் பெருவிரல் நகம் புகையிலைப் பால் ஏறி ஏறிக் கறுத்துப்போய் இருக்கும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. சவர்க்காரமும் அப்போது இல்லை, அது வேறு கதை.

ஐப்பசியில் ரின்னைச் சரித்துப் பார்த்தேன். அடியில் தூள் மட்டும். அம்மா ஒரு பிடி போட்ட இடத்தில் இரண்டு விரலால் கிள்ளிப் போட்டு அவித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் குளிசை வந்தால் வரும், வராவிட்டால் "அடுத்த கிழமை வாங்கோ". அம்மாவின் முகத்தில் "இனிப் பயமில்லை" என்கிற களை போய்விட்டது. சரி, கொட்டை இருக்கிறது, மண் இருக்கிறது, முளைக்கப் போட்டால் போயிற்று என்று நினைத்தேன். பத்து வயது மூளைக்கு அதற்குமேல் எட்டவில்லை.

கிணற்றடியில் சிரட்டையால் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது மாமா வந்து நின்றார்.

"என்ன பிள்ளை உது?"

"ஆவரசங் கொட்டை மாமா."

"ஆவரசோ? உந்தப் பத்தையை ஆரும் நடுவினமே?"

"அம்மாவுக்கு மருந்துக்கு."

மாமாவின் முகம் மாறிவிட்டது. "தங்கச்சிக்கோ? அதை முதல்லை சொல்லாமல்! சிரட்டையாலை கிண்டி விளையாடுறாய். தள்ளு, தள்ளு."

மண்வெட்டி வந்தது. முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு. அதற்குள் பூவரசங் குழை, ஆட்டுப் புழுக்கை, அயல்வீட்டு மாட்டெரு, மேலே சலித்த செம்மண். புகையிலைக்குக் கூட அவ்வளவு சீர் நடந்து நான் பார்த்ததில்லை. கொட்டையைப் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர். எங்கள் ஊரில் ஆவரசு இதில் ஒன்றையும் கண்டதில்லையே என்று எனக்குத் தொண்டை வரை வந்தது. பத்தாம் நாள் கிண்டிப் பார்த்தால் கொட்டையெல்லாம் ஊதி, அழுகி, நாற்றம். மாமா கவலையோடு தலையை ஆட்டினார்.

"கொட்டை பழசு பிள்ளை. எருவும் காணாது போலை."

எரு காணாதாம்!

மிச்சம் பதினொரு கொட்டை. தோல் தடித்த விதையை உரசிப் போட்டால்தான் தண்ணீர் உள்ளே போகும் என்று பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. உடுப்புத் தோய்க்கிற கல்லில் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன், விரல் நுனித் தோலும் சேர்ந்து போனது. மாடில்லாத பழைய கொட்டிலுக்குப் பின்னால் இடிந்த மதிலின் கல்லும் சுண்ணாம்பும் கும்பியாகக் கிடந்தது. ஒருவரும் போகாத இடம். அதற்குள் செருகிவிட்டு வந்துவிட்டேன். மார்கழி மழையில் ஒன்றே ஒன்று முளைத்தது.

ஐந்து மாதம் அதை ஒளித்து வளர்த்தேன். வளர்த்தேன் என்பதும் பொய், சும்மா விட்டேன். அதுதான் அதற்கு வேண்டியிருந்தது. சித்திரை வெயிலில் முழங்கால் உயரம், சின்ன இலை, இறுகின தண்டு, அச்சு அசலாக எங்கள் ஊர்ச் செடி. அப்போதுதான் மாமா ஆட்டைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார்.

"ஐயோ, ஐயோ! இதென்ன அநியாயம்! பச்சை உயிரைக் கல்லுக்குள்ளை போட்டு வதைக்கிறாய்!"

"மாமா, அது அப்பிடித்தான் நிக்கும். எங்கடை ஊரிலை..."

"உங்கடை ஊரிலை ஆர் தோட்டம் செய்தவை? விடு பிள்ளை."

அரை நாள் வேலை. வேர் அறாமல் சுற்றிக் குடைந்து, மண்ணோடு சேர்த்துச் சாக்கில் கட்டி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி, கிணற்று வாய்க்கால் கரையில் நட்டார். வேறொருவர் கை என்றால் செத்திருக்கும். ஆவரசைக் கிளப்பி நட்டால் பிழைக்காது என்பார்கள். மாமாவின் கையில் எதுவும் சாகாது. அதுதான் என் தலைவிதி. கிடுகுத் துண்டால் நிழல் கட்டினார். எருவுக்குப் பச்சைக் குழை தாழ்த்தினார். துலாவால் இறைத்த முதல் பட்டைத் தண்ணீர் அதற்குத்தான்.

நான் அம்மாவிடம் போய் அழுதேன். "தண்ணி விட்டால் அது பூக்காதெணை. மாமாட்டைச் சொல்லணை."

அம்மா அடுக்களை வாசலைப் பார்த்தாள். மாமி உள்ளே நிற்கிறாளா என்று பார்க்கிற பார்வை. குரலைத் தாழ்த்தினாள்.

"வாயைப் பொத்து. நாங்கள் இருக்கிறது அவற்றை வீட்டிலை, தின்னுறது அவற்றை சோறு. அவர் ஊத்துற தண்ணியை வேண்டாம் எண்டு சொல்ல உனக்கென்ன தகுதி? மாமாவோடை எதிர்க்கதை கதைச்சதைக் கேட்டன் எண்டால் சொண்டைச் சுட்டுப்போடுவன்."

இதுதான் அந்த வீட்டின் சட்டம். மாமி ஒரு நாளும் எங்களைக் கடிந்து பேசியதில்லை. நல்ல மனுஷி. ஆனாலும் அம்மா சோற்றில் இரண்டாம் தரம் கை வைக்க மாட்டாள். தனக்குச் சலரோகம் இவ்வளவு முற்றியிருக்கிறது என்றுகூட அண்ணனுக்குச் சொல்லவில்லை. "கொஞ்சம் சீனி கிடக்கு, மருந்துச் செடி ஒண்டு இருந்தால் நல்லம்" என்றதோடு சரி. மேலும் கேட்டால் வைத்தியச் செலவும் அவர் தலையில் விழுமாம். அந்த "மருந்துச் செடி" என்ற ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது.

அடுத்த தையில் செடி என் தலைக்குமேல் நின்றது. எங்கள் ஊர்ப் பரியாரியார் கண்டால் இது ஆவரசே இல்லை என்பார். தண்டு பெருத்து, இலை கொழுத்து, பச்சை மினுங்கியது. அந்த மழைக்காலம் முழுதும் பூக்கவேயில்லை. தை நடுவில் ஒரு நாள் நுனியில் மொட்டு. சின்ன மஞ்சள் மணி மாதிரி ஒரு கொத்து. எண்ணினேன், பதினேழு. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரின்னைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் நுனி மொட்டை. ஒரு மொட்டும் இல்லை.

இப்படியே நடந்தது. மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு கொத்து வரும், பள்ளிக்கூடம் போய் வருவதற்குள் காணாமல் போகும். முதலில் அணில் என்று நினைத்தேன். பிறகு கோழி. பிறகு மாமியின் ஆடு.

"ஆவரசை ஆடு தின்னாது" என்றாள் அம்மா.

"மாமியின்ரை ஆடு சீலையே தின்னும்."

"சத்தம் போடாதை! தன்ரை ஆட்டைச் சொல்லுறாள் எண்டு மச்சாள் நினைக்கப் போறா. மாமாவிட்டையும் போய் முறைப்பாடு வைக்காதை, கேட்டியே?"

கேட்டேன். கேட்டுத் தொலைத்தேன். முறைப்பாடு வைக்கவில்லை. அதற்குப் பதிலாக வளவுக்கு வெளியே ஒழுங்கைப் பாதையோரம் இருந்த இலந்தையை வெட்டி இழுத்துவந்து செடியைச் சுற்றி முள்வேலி போட்டேன். கையெல்லாம் கீறல். வெட்டுக் கத்தியை எடுத்ததற்கு மாமி ஏசினாள். ஆடு வந்தால் மூக்கில் குத்தட்டும் என்று ஒரு வன்மம்.

மொட்டு பிறகும் காணாமல்தான் போனது.

அந்த முள்வேலி போட்டு இரண்டு கிழமை இருக்கும். அம்மா வெறுங்காலோடு கிணற்றடிக்குப் போய் வருவாள். ஒரு நாள் காலையில் மாமி கூடத்தைக் கூட்டும்போது நிலத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ கறையைக் கண்டு, "இதென்ன, ஆருக்கு ரத்தம்?" என்றாள். அம்மாவுக்கே தெரியாது. காலைத் திருப்பிப் பார்த்தால் வலது பாதத்தின் முன்பக்கம், சின்ன விரலுக்குக் கீழே, வீங்கிச் சிவந்து சீழ் கட்டியிருந்தது. சலரோகக் காலுக்கு உணர்ச்சி குறைந்துவிடும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். எங்களுக்கு அப்போது தெரியாது. எத்தனை நாளாக அதோடு நடந்தாளோ. நான்தான் முள்ளை இழுத்தேன். வெளியே வந்தது இலந்தை முள். நுனி வளைந்த முள்.

அந்த வளவுக்குள் இலந்தை முள் வேறெங்கும் இல்லை. நான் போட்ட கிளை ஒன்று வாய்க்கால் வரம்பில் சரிந்து கிடந்ததைப் போன கிழமையே கண்டிருந்தேன். கண்டும் எடுத்துப் போடவில்லை. நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டிருந்தேன்.

"எங்கை ஏறினது மச்சாள்?" என்று மாமி கேட்டாள்.

"ஒழுங்கையிலை" என்றாள் அம்மா. "சந்தைக்குப் போகேக்கை ஏறியிருக்கும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமில்லை. வாய் திறவாதே என்கிற பார்வை. நான் திறக்கவில்லை.

புண் ஆறவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிவிட்டார்கள். குளிசைக்கு மறுபடி அடுத்த கிழமை. சின்ன விரல் கறுக்கத் தொடங்கியது. அம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாகக் கேட்பாள்.

"உன்ரை ஆவரசு பூத்திட்டுதே?"

"இல்லையெணை."

"பூத்தண்ணி ஒரு பத்து நாள் குடிச்சால் காணும். சீனி இறங்கினால் புண் தானாய்க் காயும்."

எனக்கு அப்போது அதில் துளி சந்தேகமும் இல்லை. அந்தச் செடியில் ஒரு பிடி பூ வந்தால் அம்மாவின் கால் தப்பும். வராவிட்டால் இல்லை. பதினொரு வயதில் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

ஒரு நாள் முதலாம் பாடம் நடக்கும்போதே குண்டு போடுகிற பொம்பர் சுற்றத் தொடங்கிவிட்டது. எங்களைப் பதுங்கு குழிக்குள் இருத்தி, சத்தம் போனபின் வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். ஒன்பதரை மணி. நல்ல வெயில். படலையைத் திறந்து கிணற்றடிப் பக்கம் வந்தேன்.

மாமா ஆவரசுக்கு முன்னால் நின்றார். என் முள்ளுக் கிளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பக்கத்தில் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு கையால் கிளையை மெதுவாக வளைத்து, மற்றக் கையின் கறுத்த நகத்தால் நுனியைக் கிள்ளினார். டிக். மொட்டுக் கொத்து சேற்றில் விழுந்தது. அடுத்த கிளை. டிக். வாயில் ஒரு தேவாரம் முணுமுணுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

புகையிலைக்கு அப்படித்தான் செய்வார்கள், உங்களில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். பூக்க விட்டால் சத்தெல்லாம் பூவுக்குப் போய்விடும், இலை மெலிந்துவிடும். ஆகவே பூ வரப் பார்க்கும்போதே நுனியை முறித்துவிட வேண்டும். தை, மாசியில் மாமா பொழுதுக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். தினமும் பார்த்தவள் நான். ஆட்டைச் சந்தேகித்தேன், அணிலைச் சந்தேகித்தேன், கோழியைச் சந்தேகித்தேன். அந்தக் கறுத்த நகத்தை ஒரு நாளும் சந்தேகிக்கவில்லை.

புத்தகப் பையை எறிந்துவிட்டுக் கத்தினேன்.

"என்ன செய்யிறியள்? ஏன் முறிக்கிறியள்? நீங்கள்தானோ இவ்வளவு நாளும்?"

மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன பிள்ளை? பூவை விட்டால் இலை தேறாதெல்லோ. தங்கச்சிக்கு மருந்துக்கு இலை வடிவாய் வரவேணுமெண்டு..."

"பூவுக்குத்தான் அந்தச் செடி! பூவுக்குத்தான்! அம்மா குடிக்கிறது பூத்தண்ணி! இலையை வைச்சு என்ன செய்யிறது, சுருட்டுச் சுத்திப் பத்திறதே? உங்களாலைதான் அம்மாவின்ரை கால் அழுகுது! நீங்கள்தான் அழுக வைச்சது!"

மாமாவின் கையில் கிள்ளின கொத்து ஒன்று இன்னும் இருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பூவோ?" என்றார். "எனக்கொருத்தரும் சொல்லேல்லையே பிள்ளை."

அதற்குள் அம்மா சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்துவிட்டாள். வந்த வேகத்தில் என் கன்னத்தில் ஒன்று விழுந்தது. காது இரைந்தது.

"மூதேவி! ஆரைப் பார்த்து என்ன கதை கதைக்கிறாய்? விழு காலிலை! விழடி!"

விழுந்தேன். நெற்றியில் ஈரச் செம்மண் ஒட்டியது. "அவள் சின்னன் அண்ணை, விசர்க் கதை கதைக்கிறாள். நீங்கள் மனசிலை வைச்சிருக்காதேங்கோ" என்று அம்மா அழுதாள். மாமா குனிந்து, சேற்றில் கிடந்த மொட்டுகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தார். பொறுக்கி, துலா மிதிக்கும்போது தலையில் கட்டுகிற துவாயில் துடைத்து, ஒவ்வொன்றாக அம்மாவின் கையில் வைத்தார். பன்னிரண்டோ பதின்மூன்றோ. அம்மா அதை அன்றே அவித்துக் குடித்தாள்.

இதில் யாரைத் திட்டுவது, சொல்லுங்கள். ஒன்றரை வருடம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்த சோறு. "பூ" என்று ஒரு சொல். அம்மா சொல்லவில்லை, மரியாதை. என்னைச் சொல்ல விடவில்லை, அதுவும் மரியாதை. மாமா கேட்கவில்லை, தங்கச்சியின் வருத்தத்தைப் பற்றித் துருவிக் கேட்பது அழகில்லையாம். இந்த மரியாதையைக் கொண்டுபோய் எந்த அடுப்பில் வைப்பது?

இரண்டு நாளில் காய்ச்சல் வந்துவிட்டது. மாமா அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் தன் இடுப்போடு சீலையால் கட்டி, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிவரை மிதித்துக்கொண்டு போனார். இரண்டு விரலை எடுத்தார்கள். ஒரு மாதம் வாட்டில். மாமா தினமும் சாப்பாடு கொண்டு போவார், வருவார், மறுபடி போவார். புகையிலை வெட்டுக்கு நின்றது, அதைக் கூலிக்கு வெட்டுவித்தார். ஆவரசுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. நானும் ஊற்றவில்லை.

பங்குனிக் கடைசியில் அது பூத்தது. ஒரு கொத்து இரண்டு கொத்தல்ல. நுனிக்கு நுனி, கிளைக்குக் கிளை, இலை தெரியாமல் மஞ்சள். மாமி வந்து நின்று பார்த்து, "அட கோதாரி, இப்ப வந்து பூக்குது" என்றாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பூவும் பறிக்க மாட்டேன் என்றேன். மாமி பறித்துக் காயவைத்தாள். அம்மா வீட்டுக்கு வந்ததும் மறுபடி அவித்துக் குடிக்கத் தொடங்கினாள், பழைய வசனத்தையும் சொல்லிக்கொண்டு.

தொண்ணூற்று மூன்றில் கடல்நீரேரி கடந்து நாங்கள் கொழும்புக்குப் போய் அப்பாவோடு சேர்ந்தோம். அங்கே குளிசைக்குத் தட்டுப்பாடில்லை. ஒரு நல்ல டொக்டர். எனக்குப் பதினெட்டு வயதானபோது அவரிடம் தனியாகக் கேட்டேன், அந்தப் பூத்தண்ணியை ஒழுங்காகக் குடித்திருந்தால் அம்மாவின் விரல் தப்பியிருக்குமா என்று. அவர் சிரிக்கவில்லை. "அவ்வளவு முத்தின காலுக்குப் பூவாலை ஒண்டும் ஆகாது பிள்ளை. முள்ளு ஏறாமல் இருந்திருந்தால் தப்பியிருக்கலாம்" என்றார்.

மாமா ஊரை விட்டு வரவில்லை. தொண்ணூற்றைந்தில் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது எல்லோரோடும் தென்மராட்சிக்கு ஓடி, ஆறு மாதத்தில் திரும்பி வந்து, புகையிலை போடுவதைக் குறைத்துவிட்டார். வேலியோரம் முழுக்க ஆவரசு நட்டாராம். கொழும்புக்கு யார் வந்தாலும் அவர்கள் கையில் ஒரு பொதி வரும். காய்ந்த பூ, பழைய பேப்பரில் சுற்றி, நூலால் கட்டி. அம்மா இருக்கும்வரை குடித்தாள். அம்மா போனபின்னும் பொதி வந்தது. எனக்கும் சீனி என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அதைப் பிரிப்பதேயில்லை. அடுக்களை அலுமாரியின் மேல்தட்டில் எறிவேன், பூச்சி வைத்ததும் குப்பையில் போடுவேன்.

கடைசியாகப் பேசியது தொலைபேசியில். அப்போது அவருக்கு எண்பதுக்கு மேல். காது மந்தம். பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரோ பிடித்துக் கொடுத்த போன். கத்திக் கத்தித்தான் பேசினார்.

"பிள்ளை, பூ வந்து சேர்ந்ததே?"

"ஓம் மாமா. வந்தது."

"இந்தமுறை நல்ல பூ. ஒரு மொட்டிலும் நான் கை வைக்கேல்லை. மாமிதான் பறிச்சவள். நான் அந்தப் பக்கமே போறேல்லை."

நான் அலுமாரியின் மேல்தட்டைப் பார்த்தேன்.

"நீ அண்டைக்குச் சொன்னது சரிதான் பிள்ளை" என்றார். "என்னாலைதானே தங்கச்சிக்கு அப்பிடியானது."

கேட்டுக்கொள்ளுங்கள், அப்போது எனக்கு வயது முப்பது தாண்டிவிட்டது. டொக்டர் சொன்னது எனக்குத் தெரியும். முள் யாருடையது என்றும் தெரியும், உலகத்தில் அதைத் தெரிந்த மற்ற ஒரே ஆளான அம்மாவும் போய்விட்டாள். "இல்லை மாமா, பூவாலை ஒண்டும் ஆகியிராது. நான் போட்ட முள்ளு மாமா அது." இரண்டே வசனம். காது கேட்காது, கத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அந்தக் கிணற்றடியில் அப்படிக் கத்தத் தெரிந்த எனக்கு அன்றைக்குத் தொண்டை எங்கே போனது?

"மருந்து குடிக்கிறனியே பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம் மாமா" என்றேன். "ஒவ்வொரு நாளும் குடிக்கிறன்."

"அப்ப நல்லம்" என்றார். போனை வைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்.